வண்டியக்கா வாங்கிய வீடு

எங்கள் குளிர்கிடங்கில் அவளுக்குப் பெயர் வண்டியக்கா. லாரி டிரைவர்கள் வைத்த பெயர். முன்னால் இரண்டு இரும்புக் கரங்களை நீட்டிக்கொண்டு, அட்டைப்பெட்டிகளை அடுக்கோடு தூக்கிக் கூரை உயரத்தில் கொண்டுபோய் வைக்கிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுவது அவள் வேலை. எங்கள் கிடங்கு இருக்கிற சாலையில் இரண்டு பக்கமும் கிடங்குகள்தான். அத்தனையிலும் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்த ஒரே பெண் அவள்.

நான் அதே கிடங்கில் செக்கர். லாரியில் ஏறுவதையும் இறங்குவதையும் வாசலில் நின்று சரிபார்க்கிறவள். அதனால் நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அக்காவும் அவளுடைய மாமியாரும் சொல்லக் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னால் மாமியார் சொல்கிற விதம்தான் எனக்குப் பிடிக்கும்.

அக்கா முதலில் வந்தது பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட. நின்றுகொண்டே செய்கிற வேலை. சம்பளம் கைக்கும் வாய்க்கும் போதாது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு என்று தெரிந்த அன்றைக்கே, "எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று போய் நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மொட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் மட்டும், "சாப்பாட்டு நேரத்துல வா" என்றான். சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு ஓட்டிப் பழகினாள். லைசென்சும் வாங்கினாள். ஒரு நாள் இரண்டு டிரைவர்கள் வராமல் போக, வேறு வழியில்லாமல் அவளை ஏற்றினார்கள். அன்றைக்கு ஏறியவள் இறங்கவே இல்லை.

உள்ளே குளிர் எலும்பைக் கடிக்கும். தலையிலிருந்து கால்வரை மூடுகிற உடுப்பு, இரண்டு அடுக்குக் கையுறை. மூச்சு விட்டால் இமையில் பனி படியும். அவள் பிளாஸ்டிக் திரையைத் தள்ளிக்கொண்டு வெண்புகையோடு வெளியே வரும்போது மூக்கு மட்டும் சிவந்து தெரியும். லாரிக்குள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு மறுபடி புகைக்குள் போய்விடுவாள்.

இந்த வேலைக்கு அவளுக்கு ஒப்பந்தம் பதினோரு மாதம். முடிந்ததும் பத்துப் பதினைந்து நாள் வீட்டில் உட்காரவைப்பார்கள். பிறகு, நேற்றுதான் கிடங்கையே பார்த்தவள் மாதிரி, புதிதாகக் கையெழுத்து. ஆள் சப்ளை செய்கிற கான்ட்ராக்டரின் ஏற்பாடு அது. தொடர்ந்து வேலை செய்ததாகக் காட்டினால் நிரந்தரம் கேட்டுவிடுவோமாம். இப்படி ஒன்பது வருஷமாக அக்கா புதிதாகச் சேர்ந்துகொண்டே இருந்தாள்.

அவளுடைய புருஷன் கல்யாணமான நாலாம் வருஷமே இன்னொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். பிள்ளை இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும், மாமியார் தன் மகன் பின்னாலேயே போய்விடுவார் என்று நினைத்தார்கள். அவர் போகவில்லை. "சட்டி பானை இங்க இருக்கு, தையல் மெஷின் இங்க இருக்கு, நீ இங்க இருக்க. நான் எதுக்கும்மா அவன் பின்னாடி ஓடணும்? அவன் என்ன பஸ்ஸா?" என்றார். கடைத்தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் மெஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று அவர் பாட்டுக்குச் சம்பாதித்தார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டும் சமாதானமாகிக்கொண்டும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஒரே வீட்டில் என்று சொன்னேன், அதுதான் தப்பு. வாடகை வீடுகள். ஒரு வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்று காலி செய்யச் சொன்னார். இன்னொருவர் இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார், ஆனால் பெயின்ட் அடித்து அதிக வாடகைக்கு விட்டார். கடைசியாக இருந்த வீட்டின் சொந்தக்காரர் கொஞ்சம் நெளிந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. ரெண்டு பொம்பளைங்க மட்டும் இருக்கீங்க. நீங்க ஷிஃப்ட் முடிச்சு நேரங்கெட்ட நேரத்துல வர்றீங்க. அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசுறாங்க."

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமியார் உள்ளேயிருந்து வந்தார். "யாரு பேசுறது? பேரைச் சொல்லுங்க. போய் நேரா கேட்டுட்டு வரேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா..."

"அப்ப யாரும் பேசல. நீங்கதான் பேசுறீங்க. அதை நேரா சொல்லிட்டுப் போங்க, குத்தமில்ல."

அவர் அடுத்த மாதக் கடைசிக்குள் சாவி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. மாமியார் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தபோது சொன்னாளாம்: "அத்தை, இனிமே எவன் வீட்டுச் சாவியும் எனக்கு வேண்டாம். நம்ம ஒண்ணு வாங்குவோம்."

"எதை வச்சு?"

"கடன் வாங்கி. ஊரே அப்படித்தானே வாங்குது?"

மாமியார் தட்டை மறுபடியும் நகர்த்தி வைத்து, "மொதல்ல சாப்பிடு. பட்டினியா இருக்கிறவளுக்கு எவன் கடன் குடுப்பான்?" என்றாராம்.

அப்போதைக்குக் கையில் கிடைத்த ஒரு சின்ன வாடகை அறைக்கு மாறிக்கொண்டு, வீடு பார்க்கக் கிளம்பினார்கள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பழைய நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. படிக்கட்டுக் கைப்பிடியில் பாதி இடத்தில் கம்பி இல்லை. ஆனால் இரண்டாவது மாடியில் இரண்டு அறையோடு ஒரு வீடு விற்பனைக்கு இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நிஜமாகவே காற்று வந்தது. அவர்கள் இருந்த எந்த வீட்டிலும் சமையலறைக்கு ஜன்னலே இருந்ததில்லை. முன்பணத்துக்குச் சேமிப்பு ஓரளவு இருந்தது. மீதிக்குத்தான் கடன்.

முதலில் போனது அவள் சம்பளக் கணக்கு இருக்கிற பெரிய வங்கிக்கு. ஒரு நாள் லீவு போட்டு, டோக்கன் வாங்கி, காத்திருந்து, கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்தாள். அவர் காகிதங்களைப் புரட்டினார்.

"நிரந்தர வேலை இல்லையே?"

"ஒன்பது வருஷமா ஒரே இடம் சார்."

"வருஷா வருஷம் பிரேக் இருக்கே. சிஸ்டம் எடுத்துக்காது. சரி, உங்க ஹஸ்பண்ட் என்ன பண்றார்? அவரைச் சேர்த்துக்கலாம்."

"அவர் எங்க இருக்கார்னே தெரியாது சார்."

"அப்பா, அண்ணன், தம்பி? யாராவது ஒரு ஜென்ட்ஸ் கூட வந்தா பார்க்கலாம்."

அக்கா காகிதங்களை வாங்கி அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாளாம். எழுந்தவள் கேட்டிருக்கிறாள்: "மாசா மாசம் என் சம்பளம் உங்க பேங்க்லதான் சார் விழுது. அதை வாங்கிக்கும்போது சிஸ்டம் என் கூட ஜென்ட்ஸ் யாரும் வரலைன்னு பார்க்கலையே?" அவர் அடுத்த டோக்கன் எண்ணை அழுத்தினார்.

வேறு வழியில்லாமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணனுக்கு அரசு அலுவலகத்தில் நிரந்தர வேலை. தங்கை மேல் பாசம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது. உடனே சரி என்றார். "நான் கையெழுத்துப் போடுறேன். நீ ஒண்ணும் கவலைப்படாத. ஆனா ஒண்ணு, வீட்டை என் பேர்ல எழுதிடலாம். கடன் என் தலையில நிக்குதுல்ல? ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"பணம் நான் கட்டுவேன், வீடு உன் பேர்லயா?"

"உனக்குப் பின்னாடி யாரு இருக்கா? என் பசங்களுக்குத்தானே வரப்போகுது?"

அண்ணி காபியை வைத்துவிட்டு, "உன் மாமியாரையும் வச்சுக்கிட்டு எவ்வளவு நாள் சுமப்ப? அந்த அம்மாவை அவங்க மகன்கிட்ட அனுப்பிட்டு, நீ இங்கயே வந்து இருக்கலாமே" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கு அந்த நல்ல மனசில் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

"அண்ணா, நான் உன்கிட்ட கையெழுத்துக் கேட்டு வந்தேன். நீ என் வீட்டைக் கேக்குற. நமக்குள்ள சரிப்படாது" என்று சொல்லிவிட்டு காபியை முழுசாகக் குடித்துவிட்டு வந்தாள். குடிக்காமல் வந்தால் கோபம் என்று நினைப்பார்களாம். கோபம் இல்லை, முடிவு அது.

அடுத்து ஒரு புரோக்கர் வந்தான். வங்கி வாசலிலேயே அவளைப் பார்த்துவிட்டு நம்பர் வாங்கியிருந்தான். "அக்கா, ஒரு நல்ல கம்பெனி பேர்ல நிரந்தர வேலைன்னு சம்பளச் சீட்டு ரெடி பண்ணித் தரேன். சீலு, கையெழுத்து எல்லாம் பக்காவா இருக்கும். எனக்குக் கமிஷன் மட்டும் குடுங்க. எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க."

அக்கா இதை எங்களிடம் டீக்கடையில் சொன்னபோது மொட்டை, "வாங்கிட வேண்டியதுதானே?" என்றான். நானும் அதைத்தான் நினைத்தேன்.

"எதுக்குடா? நான் வேலை செய்யாம இருந்தா பொய்ச் சீட்டு வேணும். குளிர்ல விரல் விறைக்க விறைக்க நான் செய்றது வேலை இல்லையா? நான் செஞ்ச வேலையை வேலைன்னு எழுதித் தரட்டும். அது போதும் எனக்கு."

இதற்குப் பிறகுதான் எங்கள் லாரி டிரைவர் ஒருவர் சொல்லி, செருப்புக்கடைக்கு மேலே மாடியில் இருந்த ஒரு சின்ன வீட்டுக்கடன் நிறுவனத்துக்குப் போனாள். கடை வைத்திருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் என்று மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குக் கடன் கொடுக்கிற இடம். வட்டி கொஞ்சம் கூட. ஆனால் அங்கே ஆளைப் பார்த்துப் பேசுவார்கள். கடன் அதிகாரி ஒரு இளம்பெண். ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டே பேசுவாராம். ஜென்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடகை தவறாமல் கட்டியதற்கு அத்தாட்சி பார்த்தார். துணிக்கடை வாசலுக்குப் போய் மாமியார் தைப்பதை அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். "எத்தனை ஜிப்பு வருதுன்னு எண்ணிக்கிட்டு இருந்துச்சு அந்தப் பொண்ணு. சும்மா எண்ணுவானேன்னு அது பேன்ட்டையும் வாங்கித் தச்சுக் குடுத்தேன். காசு வாங்கிட்டேன்" என்று மாமியார் சொன்னார்.

எல்லாம் பார்த்துவிட்டு அதிகாரி ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்க இத்தனை வருஷமா அங்க வேலை செய்றீங்கன்னு உங்க கான்ட்ராக்டர் ஒரு லெட்டர் தரணும். இடைவெளி இருந்தாலும் பரவாயில்ல. எப்ப சேர்ந்தீங்க, இன்னும் இருக்கீங்க, அவ்வளவுதான். அது இல்லாம எங்க மேலிடத்துல நான் வாதாட முடியாது."

கான்ட்ராக்டர் வாரத்துக்கு ஒருமுறை கிடங்குக்கு வருவார். வாசலுக்குப் பக்கத்திலேயே தகரத் தடுப்பு வைத்த அவருடைய அறை. அக்கா உள்ளே போய்க் கேட்டாள். அவர் சிரித்தார்.

"வீடு வாங்குறியா? சந்தோஷம்மா. ஆனா லெட்டர் மட்டும் கேக்காத."

"ஏன் சார்?"

"ஒன்பது வருஷம்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அதைத் தூக்கிட்டு கோர்ட்டுக்குப் போயி நிரந்தரம் கேப்ப. நான் என்ன முட்டாளா? இந்த வருஷம் சேர்ந்தன்னு வேணா எழுதித் தரேன்."

"அது பொய்யாச்சே சார்."

"ஒப்பந்தத்துல அப்படித்தானே இருக்கு?"

மூன்று வாரம் தொடர்ந்து கேட்டாள். முதல் வாரம் சிரித்தவர் இரண்டாவது வாரம் எரிச்சல்பட்டார். மூன்றாவது வாரம் கதவையே திறக்கவில்லை. இதற்குள் வீட்டை விற்கிறவர் வேறு ஆள் வந்திருப்பதாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நாலாவது வாரம் கான்ட்ராக்டர் வந்த அன்று காலை வெயில் தகித்துக்கொண்டிருந்தது. வாசலில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சாலைவரை நின்றன. ஐஸ்கிரீமும் உறைந்த மீனும் ஏற்ற வேண்டிய நாள். தாமதமானால் கிடங்குக் கம்பெனி கான்ட்ராக்டருக்கு அபராதம் போடும், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா உள்ளேயிருந்து ஓர் அடுக்கைக் கொண்டுவந்து லாரியில் பத்திரமாக வைத்தாள். பின்னால் வந்து வண்டியைச் சுவர் ஓரமாக நிறுத்தினாள். இரும்புக் கரங்களைத் தரை தொட இறக்கினாள். சாவியை உருவிக்கொண்டு, கையுறையைக் கழற்றியபடி தகர அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், லெட்டர் வந்தா வண்டி நகரும்."

கான்ட்ராக்டர் வெளியே வந்தார். "என்ன நாடகம் இது? போய் வண்டியை எடு."

"லெட்டர் சார்."

"வேற ஆளை ஏத்துவேன். நீ ஒருத்திதான் டிரைவரா?"

அவர் மொட்டையைப் பார்த்துக் கையாட்டினார். மொட்டை அப்போது பாதி வழியில் இருந்தான். அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவனும் இதே அறை வாசலில் நின்று வெறுங்கையோடு திரும்பியவன்தான். தூக்கியிருந்த பெட்டிகளைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அக்காவின் வண்டிக்குப் பக்கத்தில் தன் வண்டியை நிறுத்தினான். "எனக்கும் ஒரு லெட்டர் எழுதிடுங்க சார்" என்றான். இன்னும் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. நான் பேனாவை மூடிப் பையில் வைத்தேன். டிக் போட ஒன்றும் இல்லையே.

பின்னால் லாரிக்காரர்கள் விஷயம் தெரியாமல் ஹாரன் அடித்தார்கள். முதல் லாரியின் டிரைவர் இறங்கிப்போய், "டேய், வண்டியக்காவுக்கு லெட்டர் வேணுமாம், கொஞ்சம் பொறுங்கடா" என்றார். ஹாரன்கள் நின்றன. பிறகு யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, எல்லா லாரிகளும் சேர்ந்து ஹாரன் அடித்தன. இந்தத் தடவை அது எங்களுக்காக. தகரத் தடுப்பு அதிர்ந்தது.

கான்ட்ராக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது மிரட்டல், தெரியுமா?"

"ஆமா சார், மிரட்டல்தான்" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "வருஷா வருஷம் பதினஞ்சு நாள் எங்களை வீட்டுல உட்கார வச்சு, மறுபடி கூப்பிடுவீங்களோ மாட்டீங்களோன்னு போனையே பார்த்துக்கிட்டு இருக்க வச்சீங்களே, அதுக்கு என்ன பேரு?"

அவருடைய போன் அடித்தது. கிடங்குக் கம்பெனியிலிருந்து. ஏன் லாரி நகரவில்லை என்று கேட்டார்கள் போலிருக்கிறது. "அஞ்சு நிமிஷம் சார், சின்னப் பிரச்சினை, முடிஞ்சுது" என்று மென்று விழுங்கினார். உள்ளே போய்க் காகிதம் எடுத்தார்.

எழுதிக் கொடுத்ததை அக்கா நின்ற இடத்திலேயே படித்தாள். திருப்பி நீட்டினாள். "'அவ்வப்போது பணியமர்த்தப்பட்டார்'னு இருக்கு சார். நான் அவ்வப்போது வந்தவ இல்ல. அடிச்சிட்டு எழுதுங்க. வேண்டாம், அடிக்காதீங்க, கடன்காரங்க சந்தேகப்படுவாங்க. புதுசா எழுதுங்க."

புதிதாக எழுதினார். மொட்டைக்கும் மற்ற இருவருக்கும் சேர்த்து எழுதினார். அக்கா வாங்கி மடித்து, உடுப்புக்குள் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். அன்றைக்கு லாரிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கிளம்பின. அவ்வளவு வேகமாக வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

கடன் கிடைக்கும் என்று மாடி அலுவலகத்திலிருந்து தகவல் வந்த வாரம் மாமியார் எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். அதே மாதக் கடைசியில் அக்காவின் பதினோரு மாதம் முடிந்தது. பதினைந்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று, கூப்பிடவில்லை. நேரில் போய்க் கேட்டதற்கு, "இந்தத் தடவை ஆள் போதும்" என்றார் கான்ட்ராக்டர். மற்ற மூன்று பேருக்கும் ஒப்பந்தம் முடிய இன்னும் நாள் இருந்தது. அதனால் அவர்களை அப்போதைக்குத் தொடவில்லை.

நான் அன்று அவர்கள் அறைக்குப் போனேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று கேட்டால், ஆமாம், அழுதாள். மாமியார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அவன் கையால எழுதின லெட்டரு நம்மகிட்டதானே இருக்கு? திருப்பி வாங்கிட்டானா? இல்லல்ல? அப்ப அவன்தான் தோத்தான்" என்றார்.

"வேலை போச்சே அத்தை."

"வேலைதானே போச்சு. ஓட்டத் தெரிஞ்சது போயிடுச்சா?"

அண்ணன் போன் செய்தார். "இப்பவாவது நான் சொல்றதைக் கேளு." அக்கா, "உடம்பைப் பார்த்துக்கோ அண்ணா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலிருந்து அதே சாலையில் ஒவ்வொரு கிடங்காக ஏறி இறங்கினாள். ஓரிடத்தில் பெண் டிரைவருக்குத் தனிக் கழிப்பறை இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில், "லாரிங்களை நிறுத்தினது நீதானே?" என்று கேட்டுவிட்டுக் கையை விரித்தார்கள். சங்கதி அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதே சங்கதிதான் அவளுக்கு வழியும் விட்டது. ஒரு மருந்துக் கிடங்கின் மேலாளர், "நீங்கதானா அது?" என்று கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். பக்கத்தில் சரக்கு இறக்க வந்திருந்த லாரிக்காரர் ஒருவர், "சார், அக்கா கையில ஒரு பெட்டி உடைஞ்சு நான் பார்த்ததில்ல" என்று கூடவே சொல்லிவைத்தார். ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அதுவும் ஒப்பந்தம்தான். சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஆனால் குளிர் இல்லை. முதல் வாரம் முழுக்க வியர்த்து வழிந்ததாம். "ஒன்பது வருஷத்து வேர்வை" என்றாள்.

வேலை மாறியதைக் கடன் அலுவலகத்தில் சொல்ல வேண்டாம், பணம் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராகப் போய் அந்த இளம் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அதிகாரி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "யாரும் இப்படி வந்து சொல்ல மாட்டாங்கம்மா."

"நான் சொல்லலைன்னா கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்களா?"

"பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை விசாரிப்போம். கண்டுபிடிச்சிருப்போம்."

"அப்ப உங்களுக்கு ஒரு ட்ரிப் பெட்ரோல் மிச்சம். சொல்லுங்க மேடம், கிடைக்குமா, கிடைக்காதா?"

அதிகாரி மறுபடி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். மாமியாரின் வருமானத்தையும் சேர்த்து, அவரையும் கூட்டுக் கடன்தாரராகப் போட்டால் கிடைக்கும். ஆனால் முன்பு சொன்ன தொகை வராது. இரண்டு அறை வீடு கையை விட்டுப் போயிற்று. அந்தக் காற்று வருகிற ஜன்னலுக்காக அக்கா கொஞ்ச நாள் வருத்தப்பட்டாள். அதே கட்டடத்தின் வாட்ச்மேன்தான் மேல் மாடியில் ஒற்றை அறையோடு ஒரு வீடு நெடுநாளாக விலை போகாமல் கிடப்பதாகச் சொன்னார். வெயிலுக்கு வேகும், மழைக்கு ஒழுகும், அதனால் ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தார்கள். ஒரே அறை, ஆனால் பெரியது. அக்கா தயங்கினாள். மாமியார் தயங்கவில்லை.

"ஒரு ரூம் போதும்மா. ரெண்டாவது ரூம் இருந்தா என் மகன் வந்து படுத்துக்குவான்."

கையெழுத்துப் போடுகிற நாளன்று குமாஸ்தா மாமியாரிடம் கேட்டார்: "உறவுமுறை?"

"மாமியார்."

"அப்ப உங்க பையன் எங்க கையெழுத்துப் போடுவார்?"

"அவன் இதுல இல்ல. நாங்க ரெண்டு பேருதான். எழுதுங்க."

குடிபோன அன்று மொட்டையும் மற்ற டிரைவர்களும் வந்து தையல் மெஷினையும் கட்டிலையும் நாலு மாடி தூக்கிப்போனார்கள். வாழ்நாளெல்லாம் இரும்புக் கரத்தால் தூக்கியவர்கள், சொந்தக் கையால் தூக்கி இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கினார்கள். அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஒரே ரூம்தானா?" என்றாள். "ஒரே ரூம்தான் அண்ணி. பத்திரத்துல ரெண்டு பேரு இருக்கு. ரெண்டும் பொம்பளைங்க பேரு" என்றாள் அக்கா.  கிளம்பும்போது அண்ணன், "நல்லா இருக்கு" என்றார்.

முதல் மழைக்கே கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. நான் போனபோது கட்டிலை நகர்த்தி, வாளி வைத்திருந்தார்கள். "என்னம்மா இது?" என்றேன். "ஒழுகட்டும்" என்றார் மாமியார், தைத்துக்கொண்டே. "ஒழுகுறது நம்ம கூரைதானே? வீட்டுக்காரன்கிட்ட கெஞ்சப் போறதில்லையே." வெயில் வந்ததும் அக்கா தானே மேலே ஏறித் தார் பூசினாள்.

மொட்டைக்கும் மற்ற இருவருக்கும் அடுத்த கையெழுத்தின்போது கான்ட்ராக்டர் கையை விரித்தார். அவர்கள் அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அக்கா சாட்சி சொன்னாள். வழக்கு இன்னும் நடக்கிறது. கான்ட்ராக்டர் பயந்தது சரிதான்.

மருந்துக் கிடங்கிலும் ஒப்பந்தம் முடிந்தால் இடைவெளி விடுவார்கள். அந்த நாட்களில் அக்கா சந்தையில் சரக்கு இறக்கும் இடத்தில் தினக்கூலிக்கு ஓட்டுகிறாள். தவணை ஒரு மாதமும் நின்றதில்லை. கஷ்டமான மாதங்கள் உண்டு. சோறும் ரசமும் மட்டும் என்று ஓட்டிய வாரங்களைப் பற்றி இரண்டு பேருமே விவரமாகப் பேச மாட்டார்கள்.

போன மாதம் வட்டி விகிதம் ஏறிவிட்டது என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அந்த இளம் அதிகாரி வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் சின்ன வயசுப் பையன், புதுச் சட்டை. நானும் அக்காவோடு போயிருந்தேன். தவணைத் தொகையைக் கூட்டாமல் காலத்தை நீட்டலாம் என்றார். பிறகு கணினியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஆனா பாருங்கம்மா, அப்படி நீட்டினா கடன் முடியும்போது உங்களுக்கு வயசு அறுபதைத் தாண்டிடும். அதுவரைக்கும் இந்த வண்டி ஓட்டுற வேலையில இருப்பீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நான் இருப்பேன் தம்பி" என்றாள் அக்கா. "உங்க வேலை நிரந்தரமா?"

அவர் சிரித்துவிட்டார். அவரும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார் போல. காகிதத்தைத் திருப்பி வைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார். அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போட்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை.